பக்கத்து மேஜையில் அதே சீட்டு

நல்லபெருமாள் அன்று சீட்டாட வந்திருக்கவே கூடாது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்துவிட்டார்.

காலையில்தான் மைத்துனர் போன் செய்திருந்தார். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நல்லபெருமாளின் மகள் வடிவைப் பார்த்தாராம். இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடு நின்று, ஒற்றைக் கையால் வாடிக்கையாளர்களுக்குச் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாளாம். படியில் விழுந்துவிட்டேன் என்றாளாம். மைத்துனர் அவள் குடியிருக்கும் தெருவில் விசாரித்திருக்கிறார். அடித்தது புருஷன்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாகர்கோவிலில் அந்தக் கிளப்பில் சனிக்கிழமை மதியம் பிரிட்ஜ் நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் ஸ்டெல்லாபாய். கல்லூரியில் கணக்கு எடுப்பவர், நல்லபெருமாளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சேர்ந்த நாளிலிருந்து நல்லபெருமாள் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதிராளிக்கு எப்ப டபுள் சொல்லணும் டீச்சர்?"

"சீட்டு வரட்டும், காட்டுதேன்" என்பார் டீச்சர்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஆடுவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்காரர் எடுப்பது ஒரு பிடி; மொத்தப் பதிமூன்றில் இத்தனை பிடி எடுப்போம் என்று ஒரு கட்சி வாக்குக் கொடுக்கும். எடுக்க முடியாமல் போனால் புள்ளி எதிர்க்கட்சியின் பக்கம் எழுதப்படும். உங்களால் முடியாது என்று தோன்றினால் எதிராளி 'டபுள்' சொல்லலாம். அதன் பிறகு ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லாம் பல மடங்கு.

அன்று டீச்சரே நல்லபெருமாளுக்கு ஜோடி. எதிர்க்கட்சியில் பல் டாக்டர் வில்சன், சிவப்பு இதயச் சீட்டான ஆட்டினைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி எடுப்பதாகக் கேட்டார்.

நல்லபெருமாளின் கையில் ஆட்டின் ராணி இருந்தது. கூடவே இரண்டு சின்ன ஆட்டின்.

"டபுள்" என்றார்.

குரல் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி முகம் வாசல்ல வரும்போதே டபுள் சொல்லிட்டுல்லா வந்துச்சு" என்றார் வில்சன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நல்லபெருமாளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்தப் பார்வை நல்லபெருமாளுக்குப் பிடிக்கவில்லை. "இல்ல, பாஸ்னு வச்சுக்கிடுவோமா?"

"சொன்னது சொன்னதுதான் அண்ணாச்சி. வாயிலேர்ந்து வந்தாச்சு" என்றார் வில்சன்.

டீச்சர் தன் சீட்டை விரித்துப் பிடித்தார்.

ஆட்டம் நடந்தது. வில்சன் துருப்பில் ஒரு சின்னச் சீட்டைப் போட்டு, தன் ஜோடிக்கு முன்னால் நல்லபெருமாளைப் போட வைத்தார். அவர் சின்னதைப் போட்டதும் அந்த ஜோடியின் ஜாக்கி அந்தப் பிடியை எடுத்தது. அடுத்து ஆஸ். அடுத்து ராஜா. ராணி தப்பிக்க வழியில்லாமல் ராஜாவின் மேல் வந்து விழுந்தது.

பத்துப் பிடி.

"மூணு பிடி எப்படியும் போயிருக்கும். ராணியும் போயிருந்தா நான் காலி" என்றார் வில்சன். "அவ எங்க இருக்கான்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. ரொம்ப நன்றி."

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி முடித்த சீட்டைக் கலைக்க மாட்டார்கள். நாலு பேருடைய சீட்டையும் தனித்தனியாக ஒரு பலகையின் நாலு இடுக்குகளில் செருகி, பக்கத்து மேஜைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் அதே சீட்டை வேறு நாலு பேர் ஆட வேண்டும்.

டீச்சர் பலகையைத் தானே எடுத்தார். "வாங்க அண்ணாச்சி. உங்க சீட்டு யாருக்குப் போகுதோ அவர் பின்னால நில்லுங்க. வாயைத் திறக்கப்படாது."

அந்தச் சீட்டு தபால் ஆபீஸ் மனுவேலுக்குப் போனது. எதிராளி இங்கேயும் ஆட்டினில் பத்துப் பிடி கேட்டார். மனுவேல் தன் கையில் இருந்த ராணியை ஒரு தரம் பார்த்தார்.

"பாஸ்" என்றார்.

ராணி எங்கே இருக்கிறாள் என்று எதிராளிக்குத் தெரியவில்லை. ஆஸை இறக்கினார். ராஜாவை இறக்கினார். ராணி மனுவேலின் கையிலேயே இருந்தாள், பின்னால் ஒரு பிடியும் எடுத்தாள். எதிராளிக்கு ஒரு பிடி குறைந்தது.

"போகட்டும், ஒண்ணுதானே" என்றார் தோற்றவர். "காப்பி சொல்லட்டுமா மனுவேல்?"

"சொல்லும். சீனி கம்மியா."

இருவரும் சிரித்துக்கொண்டே சீட்டைச் செருகினார்கள்.

நல்லபெருமாள் வெளியே வராந்தாவுக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சரும் வந்து பக்கத்தில் நின்றார்.

"தோத்துட்டு காப்பி குடிக்காங்க" என்றார் நல்லபெருமாள்.

"சின்னத் தோல்விதானே அண்ணாச்சி."

மழையைப் பார்த்தபடியே நல்லபெருமாள் மகளின் கையைப் பற்றிச் சொன்னார். மைத்துனர் விசாரித்ததைச் சொன்னார்.

"அவ அம்மை காலையிலேர்ந்து போன்ல கூப்பிடுதா. மக நல்லாத்தான் இருக்கேங்கா. பொறவு நானே கூப்பிட்டேன். வந்திரு மக்ளேன்னேன். ஒண்ணுமில்லப்பா, படியில விழுந்துட்டேன்னு சொல்லிட்டு வச்சுட்டா."

"அவளே பார்த்துக் கட்டிக்கிட்ட பையனா?"

"ஆமா."

"அவ கிளம்பின அன்னைக்கு நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

நல்லபெருமாள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வருஷம் தாங்காது, பெட்டியத் தூக்கிட்டு இதே வாசல்ல வந்து நிப்பேன்னேன். சொந்தக்காரங்க எல்லாரும் நின்னாங்க. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்."

உள்ளே யாரோ பலகையில் சீட்டுச் செருகும் சத்தம் கேட்டது.

"அஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர். நான் அதை மறந்தே போனேன். சத்தியமா அவ தோக்கணும்னு நான் நினைக்கல. கை ஒடிஞ்ச பிறகும் ஏன் வர மாட்டேங்கா?"

டீச்சரின் குரல் தணிந்திருந்தது.

"வந்தா புள்ளியை யார் பக்கம் எழுதுவாங்கன்னு அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி."