ஐம்பது கம்ப்யூட்டர், பூஜ்ஜியம் நொடி

பாலிடெக்னிக் லேபில் மாசிலாமணி சாருக்கு வேர்த்து ஊற்றியது. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்தவர். இந்த வருஷம் பாடம் மாறிவிட்டது. கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதை ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, திரைக்குள்ளேயே பாவனையாக, சிமுலேஷனாக நடத்திக் காட்ட வேண்டும். பதினோரு மணிக்குள் ஒன்றை ஓட்டிக் காட்டாவிட்டால் அந்த வகுப்பு வேறு ஆளுக்கு என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல், தன்னிடம் படித்து இப்போது அங்கேயே வேலை பார்க்கும் ஜெனிஃபாவைக் குருவாகப் பிடித்துக்கொண்டார்.

"குருவே, அந்த ரெடிமேட் ஜாவா லைப்ரரியை ப்ராஜெக்ட்ல சேர்த்துட்டேன். தப்புன்னு காட்டுன சிவப்புக் கோடெல்லாம் போயிருச்சு."

"குருன்னு கூப்பிடாதீங்க சார். என்னை முட்டி போட வச்சவர் நீங்க."

"அதுக்குத்தான் இப்ப நான் போடுறேன். இதைப் பாரு."

ஓட்டினார். கண் இமைப்பதற்குள் ஒரு வரி வந்து நின்றது. சிமுலேஷன் முடிந்தது. நேரம்: 0 நொடி.

"பத்து கம்ப்யூட்டர் வச்சேன். ஒண்ணு விடாம இணைச்சேன். ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்குது!"

பத்தை ஐம்பதாக்கினார், குழம்பில் உறைப்பில்லை என்று காயை அள்ளிப் போடுகிற மாதிரி. 0 நொடி. இணைப்பின் வேகத்தைக் கூட்டினார். 0 நொடி. லைப்ரரியை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். 0 நொடி.

மணி பத்து ஐம்பத்தைந்து.

"எங்கம்மா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏன் எதுவுமே நடக்கலை?"

ஜெனிஃபா நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற அளவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

இப்போது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். மேலே ஃபேன் கடகடத்தது. மாடிப்படியில் ஷூ சத்தம் ஏறி வந்தது. அவள் அசையவில்லை.

கதவு திறந்தது. "என்ன சார், ஓடுதா?" என்றார் பிரின்சிபால்.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஏதாவது சொல்லித் தொலையேன்!"

அவள் சிரித்துவிட்டாள்.

"இவ்வளவு நேரம் நாம கிட்டத்துலதான் சார் உட்கார்ந்திருந்தோம். எதுவும் நடக்கலை. இப்ப நீங்க வாயைத் திறந்தீங்க. உங்க ஐம்பது பேர்ல யாரைத் திறக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

மாசிலாமணி கீபோர்டை இழுத்தார். ஒரே ஒரு வரி அடித்தார். முதல் கம்ப்யூட்டர், முதல் நொடியில், இரண்டாவதுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும்.

ஓட்டினார்.

1 நொடி: முதல் கம்ப்யூட்டர் அனுப்பியது. 2 நொடி: இரண்டாவதுக்குக் கிடைத்தது.

பிரின்சிபால் திரைப் பக்கம் குனிந்தார். "ஓடுது சார்" என்றார் மாசிலாமணி.