புதுப் பிளேயரில் ஒரு ஆடு

எங்கள் ஆலாம்பட்டறையில் புத்திசாலி என்று ஒருவர்கூடக் கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அப்பட்டமான பொய். ஒருவர் இருந்தார், தமயந்தி டீச்சர். அவரும் வெளியூர்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்குக் கோடிங் வகுப்பு எடுப்பார். மாணவர்கள் மூன்று பேர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சபாபதி சார், தையல்கடை தெய்வானையக்கா, பாத்திரக்கடை கோதண்டமாகிய நான். மூவரில் மந்தம் யார் என்று கேட்டால் மற்ற இருவரும் என்னைக் கை காட்டுவார்கள். நானும் என்னைத்தான் காட்டுவேன். எதற்கு வீண் சண்டை?

என் புராஜெக்ட் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஆடு. பச்சை பட்டனை அழுத்தினால் அது ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் 'மே' என்று கத்த வேண்டும். அது பாதி ரோட்டில் நின்று என்னையே பார்க்கும். என் மனைவி புஷ்பலதா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒரு பொம்மை ஆட்டையே ரோடு தாண்ட வெக்க முடியல. நம்ம கடை எப்படி நடக்குதுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள். எனக்கு நெஞ்சே வலித்துவிட்டது. வருகிற வகுப்பு ஆண்டு விழாவில் ஊரார் முன்னால் ஆடு தாண்டும் என்று சபதம் போட்டேன்.

"தப்பு உங்க மேல இல்ல. பழைய பிளேயர்தான் சரியில்ல" என்றார் டீச்சர். பிளேயர் என்பது நாங்கள் எழுதும் புராஜெக்டை இணையத்தில் ஓட்டிக் காட்டும் திரை. அதை நடத்தும் கம்பெனி புதிதாக ஒன்று செய்திருந்தது. பயன்படுத்துகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால்தான் அதை எல்லோருக்கும் திறந்துவிடுவார்களாம். எங்களிடமும் கருத்துக் கேட்டிருந்தார்கள். டீச்சர் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, "அதுல சொல்லியிருக்கிறபடி செய்ங்க, போதும்" என்று தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போனார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

சபாபதி சார் முதல் குறிப்பை உரக்க வாசித்தார். 'பிளேயர் லோட் ஆகும்போது எதையும் தொடாதீர்கள்.'

நாங்கள் மூவரும் கையை மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றோம்.

"தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கமே?" என்றாள் தெய்வானையக்கா.

நியாயமான கேள்வி. ஆளுக்கொரு காலைத் தூக்கிப் பாதித் தப்பைக் குறைத்துக்கொண்டோம். மீதிக் காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"காத்து நம்மளத் தொடுதுங்களே சார்?" என்றேன் நான்.

சபாபதி சார் ஒற்றைக் காலில் நின்றபடியே யோசித்தார். "காத்து தொடுறது காத்தோட விசயம். நாம தொடல. நம்ம பேர்ல புகார் வராது."

லோட் ஆனது. அடுத்த குறிப்புதான் எங்களைக் கவிழ்த்தது. 'புதுப் பிளேயரை முதன்முறையாகப் பார்ப்பவர்களின் கருத்து மட்டுமே தேவை. ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதவும்.'

சபாபதி சார் சட்டென்று கையால் திரையை மறைத்தார். "யாரும் பாக்காதீங்க! இப்பப் பாத்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதிட்டா, ரெண்டாவது கேள்விக்கு நாம முதன்முறை பாக்கிறவங்களா?"

"இல்லீங்களே!" என்றோம்.

"அப்ப கருத்து செல்லாது. கருத்து செல்லலைன்னா பிளேயர் வராது. பிளேயர் வரலைன்னா?"

"என் ஆடு பாதி ரோட்டுல நிக்கும்" என்றேன்.

தெய்வானையக்காதான் வழி கண்டுபிடித்தாள். "கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா? எத்தனை தடவை பாத்தாலும் பாத்ததா ஆகாதுல்ல?"

இப்படிப்பட்ட மூளையை இந்த ஊர் ஜாக்கெட் தைக்க விட்டிருக்கிறதே என்று நான் வருத்தப்பட்டேன். மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டோம். பச்சை பட்டனைத் தேடிய என் விரல் முதலில் சபாபதி சாரின் மூக்கையும், பிறகு அவருடைய காப்பியையும் கண்டுபிடித்தது. கடைசியில் எப்படியோ மவுஸைப் பிடித்துக் கண்டபடி அழுத்தினேன்.

'மே' என்று சத்தம் வந்தது.

"ஆடு கத்துது!" என்று துள்ளினேன்.

"எங்க நின்னு கத்துது?" என்றார் சபாபதி சார்.

"தெரியலைங்க. ஒரே இருட்டா இருக்கு."

"எனக்கும் இருட்டுத்தான்" என்றாள் அக்கா. ஒரு வேளை வெளிச்சம் போதவில்லையோ என்று பையிலிருந்து டார்ச்சை எடுத்துத் திரையில் அடித்தாள். அப்போதும் இருட்டு.

பதில்களை நேர்மையாக எழுதினோம். எழுதும்போது மட்டும் கண்ணைத் திறந்து, திரையில் பிளேயர் இருந்த மூலையைத் துண்டால் மூடிக்கொண்டோம். 'பிளேயர் முழு இருட்டாக இருக்கிறது. மூவரும் பார்த்தோம். டார்ச் அடித்தும் தெரியவில்லை. ஆடு பயத்தில் கத்துகிறது.'

கம்பெனியில் பெரிய களேபரம் ஆகியிருக்க வேண்டும். திரையை வெளிச்சமாக்கிவிட்டோம், மறுபடி பாருங்கள் என்று பதில் வந்தது. மறுபடி கண்ணை மூடிப் பார்த்தோம். 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினோம். பின்னணியை வெள்ளையாக்கி, ஆட்டின் குரலையும் மென்மையாக்கியிருப்பதாகச் சொன்னார்கள். 'ஆடு இப்போது நிதானமாகக் கத்துகிறது, நன்றி. இருட்டு அப்படியே இருக்கிறது' என்று எழுதினோம்.

ஆண்டு விழா அன்று காலையில், டீச்சர் ஊர் திரும்புவதற்கு முன்பே, கம்பெனியிலிருந்து கிஷோர் என்ற இன்ஜினியரே நேரில் வந்துவிட்டார். சரியாகத் தூங்காத முகம். "உலகத்துல வேற யாருக்கும் இருட்டா இல்லீங்க. உங்களுக்கு மட்டும் ஏன்னு பாக்கத்தான் வந்தேன். இதைச் சரி பண்ணாம என்னை ஆபீசுக்கு வராதேன்னுட்டாங்க" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

விழா நடந்த மண்டபச் சுவரில் பெரிதாகப் படம் விழும்படி புதுப் பிளேயரை அவரே ஓட்டினார். சபாபதி சார் மைக்கைப் பிடித்து, "ஊராரும் கருத்துச் சொல்லலாம். அதனால எல்லாரும் கண்ண மூடிக்கங்க" என்றார். நம் ஊர் கட்டுப்பாடான ஊர். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த புஷ்பலதா உட்பட அத்தனை பேரும் மூடிக்கொண்டார்கள்.

"போகுது! ஆடு போகுது! தாண்டிருச்சு!" என்று கிஷோர் கத்தினார். "ஐயா, கண்ணைத் திறந்து பாருங்க!"

எனக்குத் திறக்க வேண்டும் என்று உயிரே துடித்தது. ஆனால் திறந்தால் கருத்து செல்லாதே! பல்லைக் கடித்துக்கொண்டு மூடியே இருந்தேன்.

"தம்பி, நீங்க பிளேயரைச் செஞ்சவர். உங்க பேச்சு எடுபடாது" என்றார் சபாபதி சார். "நாங்க பாக்கிற மாதிரி ஒருதடவை பாருங்க. அப்புறம் பேசுவோம்."

கிஷோர் பெருமூச்சு விட்டது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆமாங்க சார்" என்றார் மெல்ல. "இருட்டாத்தான் இருக்கு."

மண்டபமே கை தட்டியது.

"ஏனுங்க" என்று புஷ்பலதாவின் குரல் வந்தது, "அப்ப ஆடு தாண்டுச்சா, இல்லையா?"

"என்ன புள்ள கேக்கிற? இந்த இருட்டுல அதைப் போய் ரோட்டைத் தாண்டச் சொல்றியா? வண்டி கிண்டி வந்தா?"

அவளும் நியாயம்தான் என்றாள். இன்ஜினியரும் ஒப்புக்கொண்டார். விடிந்ததும் தாண்டட்டும் என்று ஒருமனதாக முடிவு செய்து, கண்ணை மூடியபடியே எல்லோரும் காத்திருந்தோம். அப்போது காலை மணி பதினொன்று.