மூன்று துப்பாக்கிகள், ஒரு தோள்

ஓர் அக்கா, ஒரு தங்கை. மேசையில் மூன்று துப்பாக்கிகள். இருவரும் மாறி மாறிச் சுட ஒன்றைத்தான் எடுக்கலாம். எதை எடுப்பது? கதையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.

கீழக்கரை தையல்காரர் காதர் பாயின் மகள்கள் ருக்சானாவும் மாஜிதாவும் துப்பாக்கி சுடும் கழகத்தில் பயிற்சி பெற்றார்கள். மாவட்டப் பந்தயத்தில் இருவர் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் பரிசு. அக்கா ருக்சானாவின் குறி தப்பாது. தங்கை மாஜிதா சுடும் பெல்லட் என்ற ஈயக் குண்டுகளோ குறி அட்டை முழுவதும் சிதறும். கழகத்தின் பழைய துப்பாக்கியை வலத் தோளில் மட்டுமே வைக்க முடியும். மாஜிதாவும் அப்படித்தான் பழகினாள்.

"நான் வரல ராத்தா. என்னால உன் மார்க்கும் கெடுது. வேற ஆளைச் சேத்துக்க" என்று மாஜிதா ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். ருக்சானா வேறு யாரையும் தேடவில்லை.

அந்த வாரம் ஒருவர் கழகத்துக்கு ஒரு துப்பாக்கி நன்கொடை தர முன்வந்து, மூன்றை மேசையில் வைத்தார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளர் பெனடிக்ட், ருக்சானாவிடம் விட்டார்.

முதலாவது, வழவழப்பான மரக்கட்டை பொருத்தியது. எந்தத் திருகும் ஆடவில்லை. ருக்சானா சுட்ட ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. கன்னம் சாய்க்கும் மேடு வலத் தோள்காரர்களுக்காகவே செதுக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, அரைத் தானியங்கி. ஒருமுறை நிரப்பினால் பத்து பெல்லட்டும் அடுத்தடுத்துத் தாமாக ஏறும். இதன் கன்ன மேடும் வலத் தோளுக்குத்தான். கூட வந்திருந்த காதர் பாய் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதையே எடும்மா! எவ்வளவு சுளுவா இருக்கு!"

"பந்தயத்துல ஒவ்வொண்ணாக் கையாலதான் போடணும், பாய்" என்றார் பெனடிக்ட்.

"அப்ப மோட்டார் தையல் மெஷினை வாங்கி வெச்சுக்கிட்டு காலால மிதிக்கணும்ங்கிறீங்க!"

மூன்றாவது, கீறல் விழுந்த அலுமினியக் கட்டை. ஒரு திருகு ஆடியது, இறுக்கியதும் நின்றது. கன்னப் பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றலாம். பெல்லட் போடவும் இரு பக்கமும் வசதி. ஆனால் ருக்சானாவின் ஐந்தும் சோடா மூடி அளவுக்குப் பரவின.

மறுநாள் காலை வாப்பா காதர் பாயின் தையல் கடையில் மாஜிதா ஊசியில் நூல் கோத்தாள். வலக்கண்ணை இறுக மூடி, இடக்கண்ணால் பார்த்து, ஒரே தடவையில் கோத்தாள். ருக்சானா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் ருக்சானாவாக இருந்தால் எந்தத் துப்பாக்கியை எடுப்பீர்கள்?

விடை: மாஜிதாவுக்குக் குறி பார்க்கும் கண் இடக்கண். வலத் தோளில் வைத்தால் வலக்கண்ணால்தான் குறி பார்க்க முடியும்; அவள் இடத் தோளில் வைத்துச் சுட வேண்டியவள். அதற்கு இடம் தருவது மூன்றாவது மட்டும்தான். அதை எடுத்தால் அக்காவின் குறி சற்றுத் தளரும். தங்கை அணியில் இருப்பாள். ருக்சானா மூன்றாவதை எடுத்தாள்.