தணிகாசலத்தின் இடது கால்

தணிகாசலம் இருபத்திரண்டு வருஷம் திருச்சியில் டவுன் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் போய் வந்த மனுஷன். நாற்பத்தெட்டு வயதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து இடது கால் மரத்துப்போனது. வயர் மேல் ரப்பர் உரிந்த மாதிரி நரம்பின் உறை போய்விட்டது என்றார் டாக்டர்.

அந்த நோய் உள்ளவர்களுக்கென்று மங்கையர்க்கரசி செவ்வாய்தோறும் பரதநாட்டிய வகுப்பு எடுத்தாள். டாக்டர்தான் அனுப்பிவைத்தார். டீச்சருக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யரின் மீசைக்கே ஏறக்குறைய அவ்வளவு வயது இருக்கும்.

ஆறு மாதம் ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவார், வைப்பார், உடனே குனிந்து பார்ப்பார். அதற்குள் தாளம் போய்விடும்.

அன்று மகள் வளர்மதியோடு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"இனிமே வரலன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் டீச்சர். நின்னுக்கறேன்."

"என்ன ஆச்சு அண்ணே?"

"கால் தரையில பட்டுச்சான்னு எனக்கே தெரியல. வீட்லயும் இதே கதைதான். எம் பொண்ணுகூட நாலு எட்டு நடந்தா அவ மூஞ்சியப் பாக்க முடியல, தரையத்தான் பாக்கறேன். இந்தக் கால வச்சுக்கிட்டு எப்படி ஆடறது?"

மங்கையர்க்கரசி சாமி படத்தின் முன்னால் இருந்த தன் அரங்கேற்றச் சலங்கையில் ஒன்றை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

தணிகாசலம் பதறிவிட்டார். "வேணாம் டீச்சர். ஏழு வருஷம் கத்துக்கிட்டவங்களுக்கே பூஜை போட்டுத்தான் கட்டுவீங்க. எனக்கு முதல் அடவே வரல."

அவள் அவருடைய இடது காலைப் பிடித்துக் கட்டினாள். குரு தன் காலைத் தொட்டது அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"வளர்மதி, நீ அந்தக் கோடியில போய் நில்லும்மா. அண்ணே, நீங்க அது முகத்தை மட்டும் பாருங்க. குனிஞ்சா தாளம் நின்னுடும்."

கைத்தாளம் போட்டபடி அவர் பக்கத்திலேயே நடந்தாள்.

வலது கால் விழுந்தது. பிறகு இடது கால்.

ஜல் என்றது.

குனியப் போனவர் நிமிர்ந்தார். இன்னொரு அடி வைத்தார். மறுபடியும் ஜல். கால் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லவில்லை, காது சொன்னது. நாலாவது அடியில் சுவரைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. தாளம் ஓடியது. சலங்கை அதை விடாமல் துரத்திப் பிடித்தது. மகள் அழுவதையும் அவர் பார்த்தார், அழுதுகொண்டே சிரிப்பதையும் பார்த்தார். மீசை நனைந்தது. அப்போதும் அவர் கீழே பார்க்கவில்லை.

மகளின் கையைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

"இருந்தாலும் டீச்சர், தகுதி வராம இதைக் கட்டிட்டீங்களே."

"சபைக்குக் கேக்கணும்னு கட்டறவங்க ஏழு வருஷம் காத்திருக்கட்டும். உங்க கால் உங்ககிட்ட பேசறதுக்கு எதுக்கு அண்ணே காத்திருக்கணும்?"

தணிகாசலம் மகளை எதிர்க்கோடிக்கு அனுப்பினார். அவள் போய் நின்றதும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"போலாம், ரைட்."