முகிலி மரத்தின் கடைசிக் கனிகள்

"இன்னைக்கும் முழங்கால் வரைக்கும்தான் வந்துச்சும்மா" என்றார் எருக்கன்.

அவர் சொன்னது பனியை.

கூர்மலை உச்சியில் முகிலி என்று ஒரு மரம் நின்றது. விடியும்போது அது மூச்சு விடும். அந்த மூச்சு வெண்பனியாக இறங்கும். வேரடியில் நீராகும். ஓடையாகிக் கீழே ஒன்பது ஊர்களுக்குப் போகும்.

எருக்கன் தினமும் விடியலில் மரத்தடியில் போய் நின்று அந்தப் பனியைத் தன் உடம்பால் அளப்பார். அவர் மலைக்கு வந்த புதிதில் கழுத்து வரை வந்தது. போன வருஷம் இடுப்பு வரை. இப்போது முழங்கால்.

"குளிச்சீங்களா?" என்று கேட்டார் தும்பையம்மா.

"மரம் சாகுதுன்னு சொல்றேன். குளிச்சீங்களான்னு கேக்குறீங்க."

"குளிச்சா கொஞ்சம் தெளிவா இருக்கும்."

எருக்கன் குளிக்கப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

முகிலியைக் காப்பதற்கென்றே அந்த மலையில் ஒரு மடம் இருந்தது. உள்ளே வருகிறவர்கள் பழைய பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு ஒரு செடியின் பெயரை வாங்கிக்கொள்வார்கள். சீடரான எருக்கனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குக் குருவாக வாய்த்த தும்பையம்மாவுக்கு முப்பத்திரண்டு.

அந்த மடத்தில் வயது செல்லாது, படிப்பும் செல்லாது. மரம் யார் தலையில் பூவை உதிர்க்கிறதோ அவரே குரு. பூ விழுந்த நேரத்தில் தும்பை மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே எருக்கன் மூன்று நாள் பட்டினியோடு தவம் இருந்தார்.

அந்த வருத்தம் எருக்கனுக்குக் கொஞ்சம் உண்டு. யாருக்குத்தான் இருக்காது?

மடத்துக்கு ஒரே ஒரு சத்தியம்தான். 'கனியைத் தொடேன். தொட விடேன்.' மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் அதைச் சொல்வார்கள். மரத்தைச் சுற்றி ஆளுயர முள்வேலி. வேலிக்குள் ஒரு பரண். பரண்மேல் தப்பட்டையும் கவணும். கனி பழுக்கும் காலத்தில் குருவி பறந்தால்கூட தப்பட்டை முழங்கும்.

கவண் வீசுவதில் எருக்கனை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்துநாலு வருஷமாக அந்தப் பரண் அவருடையது.

"இந்த வருஷம் அஞ்சே அஞ்சு கனி" என்றார் எருக்கன். "அடுத்த வருஷம் இந்த மரம் காய்க்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கன்னு ஒண்ணு எழும்பலேன்னா இதோட முடிஞ்சுது. மரமும் போச்சு, ஓடையும் போச்சு. கீழ ஒன்பது ஊரு. புள்ளகுட்டிங்க இருக்கு. எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

"விதையைப் போட்டுப் பாத்தீங்களா?"

எருக்கனுக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"போடாம இருப்போமா? உதிர்ந்த கனிய இலையால ஏந்தி எடுத்து, பாலால கழுவிப் போட்டோம். தேன்ல ஊற வெச்சோம். பஞ்சுல சுத்தி வெச்சோம். ஆத்து மணல், புத்து மண்ணு, மக்கின இலை, எல்லாத்துலயும் போட்டாச்சு. பக்கத்துல உக்காந்து நாப்பது நாள் மந்திரம் சொன்னோம்."

"என்ன ஆச்சு?"

"அழுகுது. இல்லேன்னா அப்படியே கல்லாட்டம் கிடக்குது."

தும்பையம்மா தலையைச் சொறிந்தார். வெகுநேரம் சொறிந்தார். எருக்கனுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"கனி எப்பப் பழுக்கும்?"

"நாளைக்கு."

"அப்ப நாளைக்கு மத்தியானம் மரத்தடிக்கு வாங்க."

"வந்து?"

"சாப்பிடாம வாங்க."

பூசைதான் ஏதோ செய்யப்போகிறார் என்று எருக்கன் நினைத்தார். மனசு கொஞ்சம் ஆறியது. மரத்தை ஒரு சுற்று சுற்றினார். இலை ஒன்று உதிர்ந்தது. பச்சை இலை. அதைக் கையில் பிடித்ததும் ஆறின மனசு மறுபடி பதைத்தது.

மறுநாள் மத்தியானம் குளித்து, பட்டினியோடு, தோளில் கவணோடு வந்தார்.

வேலியின் முள்படல் திறந்து கிடந்தது.

எருக்கன் உள்ளே ஓடினார். மரத்தின் முதல் கவட்டில், காலைத் தொங்கப்போட்டபடி தும்பையம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு முகிலிக் கனி இருந்தது.

"கீழ வைங்கம்மா! ஐயோ, கீழ வைங்க!"

"வெக்கறதுக்கா பறிச்சேன்?" என்று சொல்லிவிட்டு அவர் கனியைக் கடித்தார்.

சாறு முகவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

எருக்கன் கை தானாகவே கவணில் கல்லை ஏற்றியது. சத்தியம் அப்படி. கனியைத் தொட்டவர் ராஜாவானாலும் கல்தான். குரு தொட்டால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு குரு வருவார் என்று யார் கண்டது?

கவண் சுழன்றது. இன்னும் வேகமாகச் சுழன்றது.

"இறங்குங்க! விட்டுடுவேன்!"

"விடுங்க" என்றார் தும்பையம்மா, மென்றுகொண்டே.

"சத்தியமா விட்டுடுவேன்!"

"கரடிக்கு இவ்வளவு நேரம் யோசிச்சீங்களா?"

கவண் தளர்ந்தது. கல் நழுவி எருக்கனின் காலடியில் விழுந்தது.

"கரடியப் பத்தி உங்களுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். வருஷத்துக்கு நாலு தடவ சொல்வீங்க. மடத்துல எல்லாருக்கும் மனப்பாடம்." தும்பையம்மா கனியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க. கேப்போம்."

அது எருக்கனின் பெருமைக் கதை. எந்த விருந்தாளி வந்தாலும் அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். இன்றைக்கு என்னவோ சொல்லப் பிடிக்கவில்லை.

"நான் வந்த வருஷம்" என்று ஆரம்பித்தார். "கிழட்டுக் கரடி. ஒரு காது கிழிஞ்சிருக்கும். கனி பழுக்கற நாள் தவறாம வரும். அப்பல்லாம் வேலி இவ்வளவு கெட்டியா இல்ல. பிரிச்சுக்கிட்டு உள்ள வந்துடும். மத்தவங்க தப்பட்டை அடிச்சா திரும்பிக்கூட பாக்காது. நான் ஒரே கல்லு. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல."

"ம்."

"உக்காந்துடுச்சு. மனுசனாட்டம் முன்னங்கையால மூஞ்சியத் தொடச்சுது. அப்புறம் போயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த மலைக்கு எந்தக் கரடியும் வரல. அன்னைக்கு மடத்துல பாயசம் வெச்சாங்க."

"தொடச்சுட்டு உடனே போயிடுச்சா?"

அந்த இடத்தை எருக்கன் யாரிடமும் சொன்னதில்லை.

"இல்ல" என்றார் கடைசியில். "கொஞ்ச நேரம் மரத்தப் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

காற்று அடித்தது. மீதி நாலு கனிகளும் கிளையில் ஆடின. எருக்கன் பயந்துபோய் இரண்டு கையையும் ஏந்தினார். ஒன்றும் விழவில்லை.

"அந்த வருஷம் இங்க எத்தனை முகிலி?" என்று கேட்டார் தும்பையம்மா.

"பதினொண்ணு. எல்லாம் முத்தின மரம். ஒவ்வொண்ணாப் பட்டுப்போச்சு."

"கடைசியா ஒரு கன்னு முளைச்சது எப்ப?"

"அதே வருஷந்தான். நான் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"எங்க?"

"வேலிக்கு வெளிய. ரொம்ப தூரம் தள்ளி, பாறை இடுக்குல. யாரும் நடல. தானா முளைச்சுது. பத்திரமாப் பேத்து எடுத்துட்டு வந்து வேலிக்குள்ள வெச்சோம். வாடிப்போச்சு."

"தானா முளைச்சுதா?"

"ஆமா. தானா."

"விதைக்குக் காலு இருக்கா, எருக்கனாரே?"



அந்தப் பாறை இடுக்கு எருக்கனின் கண்முன் வந்தது. அந்தக் கன்றைப் பெயர்த்தபோது அதன் அடியில் கறுப்பாகக் கட்டியாகக் காய்ந்த சாணம் ஒட்டிக்கொண்டிருந்ததும், 'சீ, அசுத்தம்' என்று மூத்தவர்கள் அதைக் கழுவிக் கழுவி எடுத்ததும் நினைவுக்கு வந்தது. தண்ணீர் ஊற்றியவர் எருக்கன்தான்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்துநாலு வருஷம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, கல்யாணம் காட்சி இல்லாமல், ஒரு குருவியைக்கூட அண்ட விடாமல் அவர் காத்த காவல் இது. உலகத்தில் தன்னைவிட நல்ல காவல்காரன் இல்லை என்று நேற்றுவரை நம்பியிருந்தார்.

"நானாம்மா கொன்னேன்?"

தும்பையம்மா இன்னொரு கனியைப் பறித்தார். மரத்தைவிட்டு இறங்கி வந்தார். அதை அவர் முன்னால் நீட்டினார்.

"சாப்பிடுங்க."

எருக்கன் பின்னால் நகர்ந்தார்.

"கரடியத் தேடிப் பிடிச்சுட்டு வர்றேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலையில இருக்கும். நான் போறேன். இன்னைக்கே போறேன்."

"போக எத்தனை நாள்?"

"ஒன்பது, பத்து."

"இந்தக் கனி எத்தனை நாள் தாங்கும்?"

"மூணு."

"அப்ப இங்க வேற யார் இருக்கா?"

எருக்கன் சுற்றிலும் பார்த்தார். வானத்தில் ஒரு பறவை இல்லை. மரத்தில் அணில் இல்லை. அப்படி ஒரு சுத்தமான மலை. அதைச் சுத்தமாக்கியவர் அவரேதான்.

"நாம" என்றார்.

"ம். சாப்பிடுங்க."

"விதையோடயா?"

"மெல்லாம முழுங்கணும்."

எருக்கன் கனியை வாங்கினார். அதன் தோல் இவ்வளவு மெல்லியதா? சூடாக வேறு இருக்கிறதே? முப்பத்துநாலு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் அவருக்கு இது தெரியாது.

"முளைக்குமாம்மா?"

"தெரியாது."

"தெரியாதா!" எருக்கனின் குரல் கிறீச்சிட்டது. "இருக்கறதே அஞ்சு. அதுல ஒண்ண நீங்க தின்னாச்சு. தெரியாமலா தின்னீங்க?"

"கரடிக்கு மட்டும் தெரியுமா?"

எருக்கன் கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் வழக்கப்படி வாயில் வந்தது. கனியைத் தொடேன். தொட்டாகிவிட்டது. தொட விடேன். விட்டாகிவிட்டது. இனி உடைப்பதற்கு என்ன இருக்கிறது?

கடித்தார்.

அப்படி ஒரு இனிப்பை அவர் நாக்கு கண்டதில்லை. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தின்றார். பட்டினி வயிறு வேறு. சாறு தாடியில் வழிந்தது, உள்ளங்கையில் வழிந்தது, முழங்கை வரை ஓடியது. நக்கினார். இத்தனை இனிப்பை ஒரு மரம் யாருக்காக இத்தனை பாடுபட்டுச் செய்யும் என்று ஒரு நாளாவது யோசித்தோமா என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சுண்டைக்காய் அளவில் ஒரே ஒரு விதை. நாக்கில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

விழுங்கியதும் பழைய பயம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டார். கர்ப்பிணி வைத்துக்கொள்வதுபோல இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"போயிடுச்சும்மா. உள்ள போயிடுச்சு. இப்ப நான் என்ன செய்யணும்? ஏதாவது மந்திரம் இருக்கா? படுத்துக்கணுமா? வலது பக்கமா, இடது பக்கமா?"

"நடங்க."

"எங்க?"

தும்பையம்மா திறந்து கிடந்த முள்படலைக் காட்டினார். அதற்கு வெளியே மலை சரிந்து, பாறையும் புதருமாக, எருக்கன் முப்பத்துநாலு வருஷமாகக் கால் வைக்காத இடமெல்லாம் கிடந்தது.

எருக்கன் படல்வரை போனார். ஒரு காலை வெளியே வைத்தார். திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம் போகணும்மா?"

"வயிறு சொல்லும்" என்றார் தும்பையம்மா.