சங்கிலி அண்ணனும் ரஸ்க் டப்பாவும்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு நாய்ச் சங்கிலி இருந்தது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதற்கு வந்த வீராப்பு இருக்கிறதே, அப்பப்பா! வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டு, செருப்பு, விளக்குமாறு என்று கண்ணில் படுகிற எல்லாவற்றிடமும், "நான் மட்டும் இல்லேன்னா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்கும்.

அது சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த வீட்டில் மூன்று வயதில் தன்ஷிகா, எட்டு மாதத்தில் தவழ்கிற தம்பிப் பாப்பா, ஏழு மாதத்தில் பிரின்ஸ் என்கிற நாய்க்குட்டி. பிரின்ஸ் கொடியில் காயும் துண்டை இழுத்துப் போடும். தன்ஷிகா அதைப் போர்த்திக்கொண்டு ஓடுவாள். பாப்பா அந்தச் சந்தடியில் நாயின் தட்டில் கையை விட்டு அளையும். அம்மா கோகிலா பாவம், ஒன்றைப் பிடித்து உட்காரவைத்தால் இன்னொன்று எழுந்து ஓடும்.

பிரின்ஸைப் பழக்குவது அவள் புருஷன் திருமூர்த்தியின் பொறுப்பு. மனுசன் மற்ற நேரமெல்லாம் பேசுவது சுத்தமான கொங்குத் தமிழ். நாயைக் கண்டால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ அந்த இங்கிலீஷ்! "பிரின்ஸ், சிட்! சிட் டவுன்! ஸ்டே! நோ, நோ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். நாய் துள்ளும். அவர் சங்கிலியைச் சுண்டி இழுப்பார்.

"ஏனுங்க, அதுக்கு எப்படிங்க இங்கிலீஷ் தெரியும்? அதோட அம்மா தோட்டத்து நாய்தானுங்களே" என்பாள் கோகிலா.

"நாய்க்கு இங்கிலீஷ்லதான் சொல்லோணும். உனக்கு அதெல்லாம் தெரியாது."

ஒருநாள் பாடம் முடிந்ததும் பிரின்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது. "ஏனுங்ணா, சிட்டுன்னா என்னங்ணா?"

"அது எனக்கும் தெரியாதுடா" என்றது சங்கிலி. "அந்தச் சத்தம் வந்தா உன்ற கழுத்தை இறுக்கோணும். அவ்வளவுதான் என்ற வேலை."

"நானும் அப்படித்தானுங்ணா நெனச்சேன். கழுத்து இறுகப்போகுதுன்னு சொல்றாருன்னு. அதான் ஓடறேன்."

ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த ரஸ்க் டப்பா இதைக் கேட்டுக் களுக்கென்று சிரித்தது. அது தகர டப்பா. மூடியில் பிரின்ஸின் பல் பதிந்திருக்கும், அடியில் தன்ஷிகா போட்ட ஒடுக்குகள் இருக்கும். "சங்கிலிண்ணா, தெனமும் சாயங்காலம் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஏய்! ரஸ்க் வெக்கிற டப்பா எல்லாம் எனக்குச் சொல்ல வந்துருச்சா? உன்ற வேலையப் பாரு."

டப்பா "சரிங்ணா" என்று பேசாமல் இருந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமைதான் வினை வந்தது. வெளியே போயிருந்த பாப்பாவைத் திரும்பக் கண்ட சந்தோஷத்தில் பிரின்ஸ் பாய்ந்து போய் முட்ட, பாப்பா தரையில் விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. அழுகை ஓய அரைமணி ஆயிற்று.

"போதும்" என்றார் திருமூர்த்தி. "ஞாயித்துக்கிழமை மச்சான் வண்டி வரும். தோப்புக்கு அனுப்பிப் போடறேன். அங்க தென்னை மரத்துல கட்டிப்போட்டா கெடக்கும்."

"அதுவும் கொழந்தைதானுங்களே."

"நம்ம கொழந்தைக்கு ஏதாச்சும் ஆனா?"

கோகிலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். பாப்பாவின் நெற்றியில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சங்கிலிக்கோ தலைகால் புரியவில்லை. "கேட்டியாடா? இனிமே ராப்பகலா நீயும் நானும்தான்! முழுநேர வேலை!"

பிரின்ஸ் காதைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. "தன்சி அங்க வருவாளாங்ணா?"

"தோப்பு ரொம்பத் தூரம்டா" என்றது சங்கிலி.

"பாப்பா? அவனுக்கு நெத்தி வலிக்குதான்னு பாக்கோணுமே."

ஐந்து மாதமாக அந்தக் குட்டியின் கழுத்துச் சூட்டில் பழகிய சங்கிலி அது. அந்தக் கேள்வி அதை என்னவோ செய்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாளும் அது யாரிடமும் வீராப்புப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் மினி டெம்போ வந்து நின்றது. பிரின்ஸைக் கேட்டில் கட்டியிருந்தார்கள். 'இன்னிக்கு ஒருநாள் இவன ஆடாம அசையாமப் புடிச்சுக்குவோம். எவ்வளவு சாதுன்னு பாத்தா மனசு மாறினாலும் மாறுவாங்க' என்று நினைத்த சங்கிலி, தன் பலம் முழுவதையும் சேர்த்து இறுக்கிக்கொண்டது.

இறுக்க இறுக்கக் குட்டி மிரண்டது. மச்சான் ஒரு ஹாரன் அடித்தார் பாருங்கள், பிரின்ஸ் ஒரே எகிறு எகிறியது. கொக்கி வாயைப் பிளந்தது. சங்கிலி சிமெண்டுத் தரையில் சடாரென்று விழ, திறந்திருந்த கேட் வழியாகக் குட்டி மெயின் ரோட்டைப் பார்த்து ஓடியது. அந்தப் பக்கமிருந்து தேங்காய் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"பிரின்ஸ்! ஸ்டாப்! சிட்! சிட்!" திருமூர்த்தி அலறிக்கொண்டு ஓடினார்.

சிட் என்ற சத்தம் கேட்டதும் அது இன்னும் வேகமாக ஓடியது. "ஐயோ, நான் பண்ணின வேலையாச்சே!" என்று கீழே கிடந்த சங்கிலி கதறியது.

படியில் தன்ஷிகா ரஸ்க் டப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். டப்பாவுக்குப் படபடப்புத் தாங்கவில்லை, கடகடவென்று குலுங்கியது. அவள் கத்தவில்லை, அழவில்லை. அம்மா சொல்கிற அதே ராகத்தில், அதே இழுப்போடு, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"பின்சூ… உக்காந்து தின்னு சாமி."

தார் ரோட்டின் ஓரத்தில் பிரின்ஸ் நின்றது. திரும்பிப் பார்த்தது. புழுதியில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. லாரி அதன் மூக்குக்கு நேராகக் கடந்து போயிற்று.

கோகிலா பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். "அது… அது நான் இவளுக்குச் சொல்றதுங்க. ரஸ்க்கை வெச்சுக்கிட்டு ஓடுவாள்ல, அப்பச் சொல்றது."

"இதத்தானுங்ணா அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றது டப்பா. "அம்மா இவளுக்குச் சொல்றத இவ அவனுக்குச் சொல்லுவா. துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி ஒரு ரஸ்க்கை ரெண்டா ஒடைப்பா. அவன் உக்கார்ற வரைக்கும் இவளும் வாயில வெக்க மாட்டா. நாலு மாசமா இதே கதைதான்."

திருமூர்த்தி ரோட்டோரம் போய்ச் சேர்ந்தபோதும் பிரின்ஸ் எழுந்திருக்கவில்லை. ரஸ்க்குக்காகக் காத்திருந்தது. அதை அப்படியே வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். டெம்போவில் இருந்தவரிடம், "நீ கெளம்பு மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டுக்குள் வந்ததும் தன்ஷிகா ஒரு ரஸ்க்கை உடைத்துப் பாதியைப் பிரின்ஸுக்குக் கொடுத்தாள். மறுபாதியை நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, நீயும் உக்காந்து தின்னு."

வெள்ளை வேட்டியோடு அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார் திருமூர்த்தி. தின்ன முடியாமல் விக்கி விக்கி அழுதார். பிரின்ஸ் அவர் காதை நக்கியது.

ரஸ்க் டப்பா மெல்லக் கேட்டது. "என்னங்ணா, கீழயே கெடக்கறீங்க? ஆணிக்குப் போலீங்களா?"

"இல்ல" என்றது சங்கிலி. "நானும் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."