கட்டத்துக்கு வெளியே ஒருவர்

குருவுக்கு வயது குறைவு. பூங்கோதை என்று பெயர். சீடர் சவரிமுத்துவுக்குத் தலை நரைத்துவிட்டது. மென்பொருளுக்கு ஆவணம் எழுதும் வேலையை அவர் பூங்கோதையிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

ரத்த வங்கியின் மென்பொருளோடு மருத்துவமனைகளின் மென்பொருள் பேசுவதற்கு ஏபிஐ என்று ஓர் இணைப்பு வழி. அதை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் யூஸ் கேஸ் படத்தை சவரிமுத்து வரைந்திருந்தார். ஒரு கட்டம். உள்ளே, மென்பொருளுக்குக் கட்டளையாக விடும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நீள்வட்டம். வெளியே ஒரு குச்சி மனிதன், ‘பயனர்’ என்ற பெயரோடு. ஓர் அழைப்பைக்கூட விடவில்லை என்று அவருக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் மத்தியானம் மருத்துவமனை ஒன்றிலிருந்து புரோகிராமர் போன் செய்தார்.

“‘முன்பதிவு செய்’ மட்டும் கூப்பிட்டோம் சார். அதுக்கப்புறம் ‘உறுதி செய்’னு ஒண்ணு கூப்பிடணுமாமே. கூப்பிடாததால ரத்தம் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. காலையில ஆபரேஷனை நிறுத்திட்டாங்க. பேஷண்டோட சம்சாரம் வராந்தாவுலயே நிக்கிறாங்க. வேற இடத்துல தேடிட்டிருக்கோம். படத்துல ரெண்டுக்கும் நடுவுல கோடே இல்லையே சார்?”

“கீழ குறிப்புல போட்டிருக்கேனே தம்பி.”

சொன்ன பிறகு அவருக்கே கூசியது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சவரிமுத்து பூங்கோதையிடம் வந்து போனில் கேட்டதையெல்லாம் சொன்னார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எங்க மேடம் தப்பு பண்ணேன்? ஒண்ணுகூட விடலையே.”

பூங்கோதை அந்தப் படத்தைப் பலகையில் வரையச் சொன்னார். வரைந்ததும் டஸ்டரை நீட்டினார்.

“வராந்தாவுல நிக்கிற அந்தம்மா எதுக்காக வந்தாங்களோ, அதை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் அழிங்க சார்.”

‘டோக்கன் பெறு’ போயிற்று. ‘இருப்பைப் பார்’ போயிற்று. ‘முன்பதிவு செய்’ வந்ததும் கை நின்றது.

“இது மேடம்?”

“முன்பதிவு பண்ணவா வந்தாங்க?”

அதையும் அழித்தார். ‘உறுதி செய்’யையும் அழித்தார். கட்டம் காலியாகிவிட்டது. நோயாளிக்கு ரத்தம் வந்து சேர்வது என்று தான் ஒரு நீள்வட்டம் போடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“இப்ப என்ன இருக்கு சார்?”

“உள்ள ஒண்ணும் இல்ல மேடம். வெளிய ஒரு ஆள் நிக்கிறாங்க.”

“காலையிலேர்ந்து அங்கதான் நிக்கிறாங்க” என்றார் பூங்கோதை.